இருமலளவு சத்தம்

மூன்று காற்றுத் துப்பாக்கிகளையும் கண்ணாடி மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடத்திவிட்டு, பார்த்துக்கொண்டிருங்கள் என்று சொல்லி, அவளுடைய ஆதார் அட்டையை நகலெடுக்கக் கடைக்காரர் உள்ளே போய்விட்டார். அமலோற்பவம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் எதைப் பார்ப்பது. புடவை என்றால் முந்தானையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம், மீன் என்றால் செவுளைத் தூக்கிப் பார்க்கலாம், குதிரை என்றால் உதட்டை மடக்கிப் பல்லைப் பார்த்து, முழங்காலைத் தடவி, குளம்பைத் தட்டி, விற்கிறவன் சொல்வதில் எது பொய் என்று கண்டுபிடித்துவிடலாம். துப்பாக்கிக்குப் பல் எங்கே இருக்கிறது. ஒன்று மரக்கட்டை வைத்தது, கனமாக, ஓய்வுபெற்ற போலீஸ்காரர் மாதிரி முரட்டுத்தனமும் அசட்டுத்தனமும் கலந்து கிடந்தது. இன்னொன்று கறுப்புப் பிளாஸ்டிக், அதுதான் லேடீஸுக்கு வசதி என்று அவர் சொன்னார், லேடீஸுக்கு வசதி என்று சொல்லி அவள் தலையில் கட்டப்பட்ட எந்தச் சாமானும் ஒரு மழைக்காலம் தாண்டினதில்லை. மூன்றாவதற்கு அடியில் ஒரு குழாய் ஒட்டிக்கொண்டிருந்தது, அதற்குள் காற்றை முன்கூட்டியே பம்ப் அடித்து அடைத்து வைத்துக்கொள்ள வேண்டுமாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை தொங்கியது, அட்டை முழுக்க இங்கிலீஷ். ஆறாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக்கூட்டினால் படித்துவிடுவாள், ஆனால் மூன்றாவது சொல்லுக்கு வரும்போது முதல் சொல் போய்விடும், திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். எரிச்சலாக வந்தது. வந்ததும் வராததுமாக அந்த ஆள் எதற்கு என்று கேட்டார், அவளும் உண்மையைச் சொல்கிற பழக்கத்தில், புறா, என்று சொல்லிவிட்டாள். அவர் வாசலை ஒருமுறை பார்த்தார். கடையில் பறவைப் பேச்சை எடுக்கக் கூடாது, அதற்கென்று விற்பது சட்டத்துக்கு ஒவ்வாது, குறி பார்த்துப் பழக என்று மட்டும் சொல்லுங்கள் என்று தாழ்ந்த குரலில் சொல்லிக் கொடுத்தார். ஆக, பாதி நரைத்த தலையும், கடிவாள வார் இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கையும், பைக்குள் நாலு பாட்டில் சொட்டு நீலமுமாக வந்து நிற்கிற ஒரு பொம்பளை, குறி பார்த்துப் பழக வந்திருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அவரும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். சிரித்திருந்தால்கூடத் தேவலை.

நீலம் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்பினாள். அது பொய்யில்லை, நீலம் வேண்டும்தான். சாயங்காலம் ராணிக்குக் கல்யாண ஊர்வலம் இருக்கிறது, வெள்ளைக் குதிரையை வெறும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினால் பழுப்பாகத்தான் தெரியும், கடைசித் தண்ணீரில் நீலம் கலந்து ஊற்றினால்தான் மாப்பிள்ளை வீட்டார் வாயைப் பிளப்பார்கள். ஆனால் ஊற்றிக் காயவைத்துக் கட்டின கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து சொத்தென்று விழும். பச்சையும் வெள்ளையுமாக முதுகில் வழியும். போன முகூர்த்தத்தில் ஜரிகைத் துணியைப் போர்த்தி மறைத்துத்தான் அனுப்பினாள். தீவனத் தொட்டியில் விழும், தண்ணீர்த் தொட்டியில் விழும், குதிரை முகர்ந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். எச்சம் விழுவதுகூடப் பரவாயில்லை, கழுவிவிடலாம். காய்ந்து தூசியாகி லாயத்துக்குள் மிதக்கிறதே, அதை எந்த வாளித் தண்ணீர் கழுவும். அவள் புருஷன் இருதயராஜின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்திருப்பது அந்தத் தூசிதான் என்று டாக்டர் படத்தை விளக்குமுன் பிடித்துக் காட்டினார். ஈரப் பஞ்சு மாதிரி இருக்க வேண்டிய நுரையீரல் காய்ந்த பஞ்சு மாதிரி ஆகிக்கொண்டிருக்கிறது, காய்ந்தது திரும்ப ஈரமாகாது, மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டுமென்றால் ஒன்று பறவைகள் போக வேண்டும், இல்லை அவர் போக வேண்டும், அடுத்த மழைக்காலம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. டாக்டர் சுலபமாகச் சொல்லிவிட்டார். இருதயராஜ் தண்டையார்பேட்டையை விட்டுப் போவாரா. சம்பந்தம் பேச வந்தபோதே அவருடைய தாய்மாமன், பையனுக்குக் குடி கிடையாது சீட்டு கிடையாது, புறா ஒண்ணுதான், என்று சொல்லியிருந்தார். ஒண்ணுதான். மொட்டை மாடியில் கூண்டு கட்டி, எங்கே கொண்டுபோய் விட்டாலும் வீடு திரும்புகிற ஹோமர் புறா வளர்த்துப் பந்தயம் விட்டவர். கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கூப்பிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார், விழுப்புரத்தில் விட்டது இன்னும் வரவில்லை என்பார். மாடியை இடித்துக் கட்டியபோது கூண்டு போயிற்று, அவர் பந்தயத்தையும் விட்டார், ஆனால் புறாக்கள் எங்கேயும் போகவில்லை, கீழே இறங்கி லாயத்து உத்தரத்தில் உட்கார்ந்தன, மாடப்புறாவோடு சேர்ந்தன, பெருகின. என்னோடது எதுவுமே இல்லை, எல்லாம் தெருப் புறா, கொள்ளு சிந்துறதுக்கு வருதுங்க, என்று அவர் சொன்னார், அவளும் நம்பினாள். கொள்ளு சிந்தக் கூடாது என்று தொட்டிக்கு மூடி போட்டாள். சிந்தினதைக் கூட்டினாள். கூட்டினதற்கு மேல் மறுபடி கூட்டினாள். முதுகுத்தண்டு இரண்டாகப் போகிற மாதிரி குனிந்து ஒரு மணி விடாமல் பொறுக்கினாள், அப்படியும் வந்தன. கண்ணாடித் தட்டு கட்டச் சொன்னார்கள், கட்டினாள், வெயில் பட்டு அது மின்னியதில் குதிரைதான் மிரண்டது. பிளாஸ்டிக் கழுகு வாங்கி வைக்கச் சொன்னார்கள், வைத்தாள், கழுகின் தலைமேல் ஒரு புறா உட்கார்ந்து இறகு கோதியது. வலை கட்டினாள், வலையில் ஒன்று மாட்டிக்கொண்டு அடித்துக்கொள்ள, இருதயராஜ் ஏணி போட்டு ஏறி, இருமிக்கொண்டே, வலையைக் கத்தியால் கிழித்துவிட்டார். கேட்டதற்கு, பாவம், என்றார். யார் பாவம். அவளைப் பார்த்து ஒருநாளாவது அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பாரா.

இதற்கெல்லாம் மேலே அந்தத் திண்டிவனம் விவகாரம் ஒன்று இருக்கிறது, அதை நினைத்தாலே காது சுடும். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த சமயம் பார்த்து, குதிரை பிடிக்கிற தனபாலை ஏணியில் ஏற்றி, உத்தரத்திலிருந்த புறாக்களில் முக்கால்வாசியைப் பிடித்து இரண்டு கூடையில் அடைத்து, துணி போட்டுக் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு திண்டிவனத்தில் தங்கை பிலோமினா வீட்டுக்குப் போனாள். வயல் இருக்கிறது, கம்பு விளைகிறது, இங்கேயே இருந்து தொலையுங்கள் என்று கூடையைத் திறந்துவிட்டாள். அவை புளியமரத்துக்கு மேலே ஒரு வட்டம் போட்டன, வடக்கே திரும்பின, போய்விட்டன. பிலோமினா காப்பி போட்டாள். இவள் காப்பியைக் குடித்து, ஊர்க்கதை பேசி, பஸ் பிடித்து, செங்கல்பட்டில் நின்று, தாம்பரத்தில் நின்று, லாயத்துக்குள் வந்து நிமிர்ந்தால் உத்தரத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பயணக் களைப்புகூட இல்லை. தனபால் ராணியின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பந்தயப் புறாவுக்கு மொதப் பழக்கமே திண்டிவனத்துலதான் குடுப்பாங்க, நீ வண்டிச் செலவு பண்ணிப் போய்ப் பழக்கிட்டு வந்திருக்கேக்கா, என்றான். தெருப் புறாவாம். தெருப் புறாவுக்குத் திண்டிவனத்திலிருந்து தண்டையார்பேட்டைக்கு வழி தெரியுமா. அப்போதே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்த மனுஷன் சமாசாரம் கேட்டதும் அவளைத் திட்டுவார் என்று நினைத்தாள், அவரோ மூக்கில் இருந்த குழாயைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, எது மொதல்ல வந்துச்சு, என்று கேட்டார்.

கடைக்காரர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். எது என்று முடிவு பண்ணினீர்களா என்றார். மூன்றும் முழித்துக்கொண்டிருக்கின்றன, நானும் முழித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வாய்வரை வந்தது, சொல்லவில்லை. சத்தம் வராத துப்பாக்கி எது என்று கேட்டாள். குறி பழகுகிற இடத்துக்குப் பக்கத்தில் குதிரை கட்டியிருக்கிறது, கல்யாணக் குதிரை, அதனால் கேட்கிறேன் என்றாள். கல்யாணக் குதிரை என்றால் வெடிக்கே பழகியிருக்குமே என்றார் அவர். எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். வெடிக்குப் பழக்குவது எப்படி என்று இவர்களுக்குத் தெரியுமா. முதலில் தகரத்தைத் தட்டி வெல்லம் கொடுக்க வேண்டும், பிறகு தூரத்தில் ஒரு ஊசிப் பட்டாசு, வெல்லம், கொஞ்சம் பக்கத்தில் ஒரு லட்சுமி வெடி, வெல்லம், பிறகு சரவெடி, பேண்டு வாத்தியம், அப்படி வருஷக்கணக்கில் ஊட்டி ஊட்டி ராணி இப்போது காதுக்குப் பக்கத்தில் சரவெடி வெடித்தாலும் மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு கோயில் சிலை மாதிரி நிற்கும். அதே ராணி காற்றில் பறந்து வருகிற ஒரு பாலிதீன் பையைப் பார்த்தால் நாலு காலும் தரையில் இல்லாமல் துள்ளும். சத்தம் பெரிதா சின்னதா என்பதில்லை, எங்கேயிருந்து வருகிறது என்பதுதான் குதிரைக்குக் கணக்கு. தலைக்கு மேலேயிருந்து வந்தால் பொறுக்காது. தலைக்கு மேலே இருக்கக் கூடாத ஒன்று இருக்கிறது என்று எந்தக் காலத்துக் காட்டிலிருந்தோ அதன் ரத்தத்தில் எழுதியிருக்கிறது. புதிதாக வந்திருக்கிற குதிரை, சில்வர், இன்னும் மோசம், அது தன் வாலுக்கே பயப்படும். லாயத்துக்குள் உத்தரத்தைப் பார்த்து டமாரென்று ஒரு சத்தம், சில்வர் கட்டை அறுத்துக்கொள்ளும், பின்னங்கால் உதைக்கும், அந்த உதைக்கு நேரே கட்டில் இருக்கிறது, கட்டிலில் அவர் இருப்பார், ஏனென்றால் மத்தியானத்தில் வீட்டுக்குள் படுக்காமல் லாயத்தில் வந்துதான் படுப்பார், வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால் வீம்புக்கு. இதையெல்லாம் இந்த ஆளிடம் எப்படிச் சொல்வது. அவர் மூன்றாவதைத் தட்டிக் காட்டினார். "இதோட சத்தம் ஒரு இருமல் அளவுதாம்மா இருக்கும்."

இருமல் அளவு. எந்த இருமல். அந்த ஆளுக்குத் தெரிந்த இருமல், வாயைப் பொத்திக்கொண்டு மரியாதைக்கு இருமுகிற இருமலாக இருக்கும். அவளுக்குத் தெரிந்த இருமல் வேறு. சளி வராத, வறண்ட, தகரத்தில் ஆணியால் கீறுகிற இருமல். தொடங்கினால் சில்வர் காதைத் திருப்பும், ராணி மெல்லுவதை நிறுத்தும், உத்தரத்திலிருக்கிறவை மட்டும் அசையா, அவற்றுக்கு அது பழகிய சத்தம், வெல்லம் கொடுக்காமலேயே பழகின சத்தம். அந்த இருமலை நிறுத்துவதற்காக இந்த இருமலை வாங்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது, என்ன பிழைப்பு. கோயிலில் பீடத்துக்கு மேலே, பரிசுத்த ஆவியைப் புறாவாக எழுதியிருக்கிறார்கள், ஒளி சிதற இறங்கி வருகிற மாதிரி. போன ஞாயிற்றுக்கிழமை அதை அண்ணாந்து பார்க்கக் கூசியது. அது வெள்ளை, இது சாம்பல் என்று தனக்குத் தானே சமாதானம் சொன்னாள். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்ல வேண்டுமா, சொன்னால் சாமியார் என்ன கேட்பார், எத்தனை என்று கேட்பாரா. கடைக்காரர் ஏதோ கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அவள் மறுபடி கேட்கச் சொன்னாள்.

"குறிக்குப் பின்னாடி என்ன இருக்கும்னு கேட்டேன். ரவை குறியில நிக்காது, பின்னாடி போகும்."

சுவர் என்று சொல்லிவிட்டாள். அவர் தலையாட்டினார். ஆனால் அந்தக் கேள்வி முள் மாதிரி உள்ளே நின்றுவிட்டது. புறாவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது. உத்தரம் இரும்பு, இரும்பில் பட்டால் ரவை திரும்பி வரும், எங்கே வரும் என்று அதற்கே தெரியாது, சில்வரின் கண்ணுக்கு வரலாம். இரும்புக்கு மேலே சிமெண்டு ஷீட், ஓட்டை விழுந்தால் மழை ஒழுகும், ஈரத்தில் வைக்கோல் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சைத் தூசி எச்சத் தூசியைவிடக் கெடுதல் என்றும் அதே டாக்டர்தான் சொன்னார். கொஞ்சம் தாழ்வாகச் சுட்டால் பின்னால் ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் தெரு. இன்னும் தாழ்ந்தால் ராணியின் முதுகு. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அந்தச் சனியன்களுக்குப் பின்னால் அவளுக்கு வேண்டிய ஏதோ ஒன்று இருந்தது. சுடாமல் வைத்துக்கொண்டு மிரட்டலாமா. கழுகையே மிரட்டின ஜாதி.

சுட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்று கடைக்குப் பின்னாலிருந்த நீளச் சந்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். கோடியில் ஒரு மரப்பெட்டி, பெட்டிக்குள் பழந்துணி அடைத்து, முன்னால் வட்டம் வட்டமாகப் போட்ட காகிதம் ஒட்டியிருந்தது. முதலில் மரக்கட்டைத் துப்பாக்கி. அதன் குழலைப் பாதியில் மடக்கித்தான் உள்ளே விசையை ஏற்ற வேண்டும், ஆம்பளைகளே திணறுவார்கள், நான் மடக்கித் தருகிறேன் என்று அவர் கையை நீட்டுவதற்குள், குதிரைக் குளம்பை மடக்கித் தூக்குகிற மாதிரி ஒரே இழுப்பில் அவள் மடக்கிவிட்டாள். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். சுட்டபோது தோளில் குத்தியது, சந்து முழுக்க டப்பென்று அடைத்துக்கொண்டது, சில்வர் கட்டை அறுப்பது கண்ணுக்குள் தெரிந்தது. வேண்டாம் என்று கொடுத்துவிட்டாள். அவர் குழாய்த் துப்பாக்கியை எடுத்துவந்தார். அதற்கு வேறு ரவை எடுக்க வட்டமான தகர டப்பா ஒன்றைத் திறக்கப் போனார், மூடி இறுகியிருந்ததால் காதோரம் ஒருமுறை குலுக்கினார். சல், சல், சல். அந்தச் சத்தத்தில் அவளுக்கு என்னவோ இடறியது. எங்கேயோ கேட்டது. இன்றைக்குக் கேட்டதில்லை, நேற்றுமில்லை, எப்போதோ, மாடியில், வெயிலில், ஈரத் துணியைப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது. எது என்று பிடிக்க முடியவில்லை, பிடிக்க முடியாததே ஆத்திரமாக வந்தது. அவர் பக்கவாட்டுப் பிடியை இழுத்து, ஒரு ரவையை வைத்து, பிடியை மூடிக் கொடுத்தார். கட்டையைத் தோளில் சாய்த்தாள். கன்னம் குளிர்ந்தது. இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது.

அவர்தான். எடுக்காவிட்டால் விடாமல் அடிப்பார். துப்பாக்கியைக் கடைக்காரர் வாங்கிக்கொண்டு, குழல் பெட்டியைப் பார்த்தே இருக்கும்படி, யாருடைய குழந்தையையோ கொஞ்ச நேரம் வைத்துக்கொள்கிற மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார். எங்கே இருக்கிறாய் என்று இருதயராஜ் கேட்டார். நீலக் கடையில் என்றாள். நீலம் வாங்க இவ்வளவு நேரமா என்றார், இருமினார், வரும்போது இருமல் மிட்டாய் வாங்கிவரச் சொன்னார், சில்வர் தண்ணீர் குடிக்கவில்லை, முகர்ந்துவிட்டு விட்டுவிட்டது என்றார். குடிக்காதுதான், தொட்டியில் விழுந்திருக்கும், போய்க் கழுவ வேண்டும், நானே போய், நானே குனிந்து. அப்போது மறுபடி அந்தச் சத்தம். சல், சல். அவள் ரவை டப்பாவைப் பார்த்தாள். அது மேசைமேல் மூடிக் கிடந்தது. சத்தம் போனுக்குள்ளேயிருந்து வந்தது. கூடவே, வெளியே கேட்டுவிடக் கூடாதென்று பல்லுக்குள் மென்ற ஒரு விசில். அதன் பின்னால் படபடவென்று, ஒன்று, பிறகு பல, உத்தரத்திலிருந்து தரைக்கு. பால்பவுடர் டப்பா. உள்ளே கம்பு. மாடியில் சாயங்காலம் புறாக்களை வானத்திலிருந்து இறக்குவதற்கு அவர் குலுக்குகிற டப்பா. கூண்டோடு சேர்ந்து போயிற்று என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த டப்பா.

"இன்னா சத்தம் அது?" என்றாள்.

"எது?"

"டப்பா."

அந்தப் பக்கம் டப்பாவைக் கீழே வைக்கிற சத்தம், ஒரு மூச்சு. அந்த மூச்சில் பாதிதான் காற்று, மீதி சீட்டி. பிறகு சொன்னார். "பொழுது போவலை அமலு."

ஒரு மணி விடாமல் பொறுக்கினேனே. தொட்டிக்கு மூடி போட்டேனே. கழுகு வாங்கி வைத்தேனே, கூடையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொம்பளை நாத்தத்துக்கு மூக்கைப் பிடித்துக்கொள்ள, திண்டிவனம் போனேனே. இவள் முன்வாசலில் விரட்ட விரட்ட, அவர் பின்னாலிருந்து டப்பாவைக் குலுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். தொண்டை வரை வந்த வசவு அங்கேயே நின்றது, ஏனென்றால் அது எதை நோக்கிப் போகும் என்று தெரியவில்லை. பறவைகள் போக வேண்டும், இல்லை அவர் போக வேண்டும். எங்கே போவார். ஒரு பெரிய கூடையாகப் பார்த்து அவரை அடைத்து, துணி போட்டுக் கட்டிக் கொண்டுபோய் பிலோமினா வீட்டு வயலில் திறந்துவிட்டால், அவரும் புளியமரத்துக்கு மேலே ஒரு வட்டம் போட்டுவிட்டு, அவளுடைய பஸ்ஸுக்கு முன்னால் வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்திருப்பார். இதைச் சுட எந்தக் கடையில் துப்பாக்கி விற்கிறது. குறிக்குப் பின்னாடி என்ன இருக்கும். டப்பா இருக்கும். டப்பாவைப் பிடித்த கை இருக்கும். போனுக்குள் புறாக்கள் கொத்துகிற சத்தம் தகரத்தில் தூறல் விழுகிற மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது.

"நான் கூப்பிடலைன்னா அதுங்க எங்க போவும்?" என்றார் அவர்.

"அந்த டப்பாவை எடுத்துக்கினு வெளில வா."

"எதுக்கு?"

"லாயத்துக்குள்ள ஆட்டாதே. எதிர்ல, முருங்கை மரத்தாண்ட போய் நின்னு ஆட்டு. நீ எங்க ஆட்டுறியோ அங்கதானே அதுங்க வரும்."

"வெயிலு அமலு."

"வெயில்ல நில்லு."

கட்டில் கிறீச்சிட்டது. செருப்பைத் தேடுகிற சத்தம், இருமல், கொஞ்சம் நின்று மறுபடி இருமல், சில்வரின் சங்கிலி, பிறகு தெருவின் சத்தம் திடீரென்று போனுக்குள் கொட்டியது, ஆட்டோ, யாரோ மீன் கூவுகிறார்கள். டப்பா குலுங்கியது. வருமா. ஒருநாள் வந்தால் மறுநாளும் வருமா, இவர்தான் மறுநாளும் வெளியே வந்து நிற்பாரா, நாளைக்கு வெயில் என்பார், மறுநாள் முட்டி வலி என்பார், அவள் கண்ணை அந்தப் பக்கம் திருப்பினால் திரும்பவும் கட்டிலிலிருந்தே குலுக்குவார். உத்தரத்தில் குஞ்சுகள் இருக்கின்றன, அவை பறக்கிற வரைக்கும் தாய்கள் உள்ளேதான் வரும். வருஷக்கணக்கான எச்சம் அங்கே காரை மாதிரி ஒட்டியிருக்கிறது, அதை யார் மூக்கில் துணி கட்டிக்கொண்டு ஏறிச் சுரண்டுவது, தனபாலா, அவன் சிரிப்பான், அவள்தான் சுரண்ட வேண்டும், வேறு யார். எல்லாவற்றையும் அவள்தான். காதைப் போனில் அழுத்திக்கொண்டு நின்றாள். சல், சல், சல். பிறகு அந்தப் பெரிய சத்தம், எல்லாம் ஒன்றாக எழும்பி வாசலைத் தாண்டுகிற சிறகுச் சத்தம், ஈரப் போர்வையை உதறுகிற மாதிரி.

"அம்மா," என்றார் கடைக்காரர், "ரவை உள்ள இருக்கு. இப்படியே வைக்கக் கூடாது. சுட்டுத்தான் காலி பண்ணணும். வாங்கலைன்னாலும் பரவாயில்லை."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு துப்பாக்கியை வாங்கினாள். ஒரு கண்ணை மூடினாள். வட்டத்தின் நடுப்புள்ளி ஆடியது, அவளும் ஆடினாள், இழுத்தாள். காகிதத்தின் ஓரத்தில், வட்டங்கள் எல்லாவற்றுக்கும் வெளியே, ஒரு சின்ன ஓட்டை விழுந்தது. அதற்குப் பின்னால் பழந்துணிதான் இருந்தது.

போனில் டப்பாச் சத்தம் நின்றது.

"யாரு அங்க இருமுறது?" என்று கேட்டார் இருதயராஜ்.

"யாருமில்லை," என்றாள். "நீ ஆட்டு."